கோகன் விட்ட கதைகள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஓவியர் பால் கோகனைப் பற்றிப் பேசப் போகிறேன். வான்கோ வீடியோ போட்டதிலிருந்தே "அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த ஆளைப் பற்றியும் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நான்தான் தள்ளிப்போட்டு வந்தேன். இவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஓவியத்தோடு நிறுத்த முடியாது. பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமிகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். வீட்டில் பிள்ளைகளோடு பார்ப்பவர்கள், முதலில் நீங்கள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கோகன் என்றதும் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. பாரிஸ் பங்குச்சந்தையில் கை நிறையச் சம்பாதித்தவர், கலைக்காக வேலை, மனைவி, ஐந்து பிள்ளைகள் எல்லாவற்றையும் உதறிவிட்டு, எங்கோ ஒரு தீவில் காட்டுமனிதனாக வாழ்ந்து செத்தார் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் பாதி அவரே கிளப்பிவிட்டது. என்னைக் கேட்டால், படம் வரைவதில் எவ்வளவு கெட்டிக்காரரோ, கதை விடுவதிலும் கோகன் அவ்வளவு கெட்டிக்காரர்.

முதலில் வேலையை உதறிய கதை. கோகன் சில வருஷம் கப்பலில் வேலை பார்த்துவிட்டு, 1870களின் தொடக்கத்தில் பாரிஸில் ஒரு பங்குத் தரகு அலுவலகத்தில் சேர்ந்தார். 1873-இல் டென்மார்க்கைச் சேர்ந்த மெட்டேவைத் திருமணம் செய்துகொண்டார். ஓய்வு நேரத்தில் படம் வரைவார். பிஸ்ஸாரோ, செஸான் போன்றவர்களின் படங்களை வாங்கிச் சேர்ப்பார். 1882-இல் பாரிஸ் பங்குச்சந்தை சரிந்து விழுந்தது. தரகுத் தொழிலே படுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஐயா முழுநேர ஓவியர். பாதி அவர் வேலையை விட்டார், பாதி வேலை அவரை விட்டது. அப்புறம் மனைவியின் ஊரான கோபன்ஹேகனுக்குப் போய்த் தார்ப்பாய் விற்றுப் பார்த்தார். டேனிஷ் மொழி தெரியாது, வியாபாரமும் நடக்கவில்லை. 1885-இல் மகன் குளோவிஸை மட்டும் கூட்டிக்கொண்டு பாரிஸுக்குத் திரும்பிவிட்டார். மற்ற நான்கு பிள்ளைகளையும் மெட்டேதான் பிரெஞ்சுப் பாடம் சொல்லிக்கொடுத்தும் மொழிபெயர்த்தும் வளர்த்தார். இந்த உழைப்பு அந்தப் புகழ்பெற்ற கதைக்குள் வரவே வராது, கவனித்திருக்கிறீர்களா?

இன்னொரு கதை, தன் உடம்பில் இன்கா ரத்தம் ஓடுகிறது என்று அவர் பெருமையடித்துக்கொண்டது. சின்ன வயதில் பெருவில் வளர்ந்தது உண்மை. பிறந்த மறு வருஷமே, 1849-இல், குடும்பம் அங்கே கிளம்பியது. பத்திரிகையாளரான அப்பா போகிற வழியிலேயே இறந்துபோனார். ஆனால் லிமாவில் அவர்கள் தங்கியது ஸ்பானிய வம்சாவளிப் பணக்கார உறவினர் வீட்டில். அம்மாவைப் பெற்ற பாட்டி ஃபுளோரா திரிஸ்தான், தொழிலாளர்களுக்காகவும் பெண்களுக்காகவும் எழுதிப் போராடியவர். அப்படிப்பட்ட பாட்டியின் பேரன் இவர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஓவியத்துக்கு வருவோம். இவ்வளவு திட்டுகிறேனே, அப்படி என்னதான் வரைந்தார்? திரையில் இருக்கும் படத்தைப் பாருங்கள். 1888, பிரான்ஸின் பிரித்தானி பகுதி. படம் இப்போது எடின்பரோவில் இருக்கிறது. வெள்ளைத் தொப்பி போட்ட கிராமத்துப் பெண்கள் பிரசங்கம் கேட்டுவிட்டு நிற்கிறார்கள். யாக்கோபு தேவதூதனோடு மல்லுக்கட்டும் பைபிள் கதை அவர்கள் கண்முன்னால் தெரிகிறது. நடுவில் ஒரு மரம் சாய்வாகப் படத்தையே இரண்டாக வெட்டுகிறது. இந்தப் பக்கம் நிஜம், அந்தப் பக்கம் மனக்காட்சி. தரை என்ன நிறம்? சிவப்பு. நிழல் கிடையாது, புல் கிடையாது, ஒரே சிவப்பு. இம்ப்ரஷனிஸ்ட் ஓவியர்கள் கண்ணில் படும் வெளிச்சத்தைத் துரத்திக்கொண்டிருந்த காலத்தில், இவர் கண்ணை மூடினால் தெரிவதை வரைகிறார். அவர்களுக்குப் பின்னால் வந்த போஸ்ட் இம்ப்ரஷனிச ஓவியர்கள் வரிசையில் இவருக்கு இடம் கிடைத்தது இதற்காகத்தான். பிற்பாடு ஓவியர் மத்தீஸ் வண்ணத்தைத் தாராளமாக அள்ளிப் பூச முடிந்ததற்கு இந்தச் சிவப்புத் தரையும் ஒரு காரணம். இந்தப் படத்தைப் பக்கத்து ஊர் தேவாலயத்துக்குச் சும்மாவே கொடுக்கப் போனார். பாதிரியார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்!

அதே வருஷம் அக்டோபரில் ஆர்ல் ஊருக்குப் போய் வான்கோவோடு தங்கினார். செலவு வான்கோவின் தம்பி தியோவுடையது. இதை ஏற்கெனவே விரிவாகப் பேசிவிட்டோம் என்பதால் ஒன்றே ஒன்று மட்டும். டிசம்பர் 23-ஆம் தேதி இரவு, தன் காதைத் தானே அறுத்துக்கொள்வதற்கு முன்னால், வின்சென்ட் (வான்கோவின் பெயர்தான்) சவரக்கத்தியோடு தன் பின்னாலேயே வந்தார் என்று கோகன் எழுதியிருக்கிறார். எப்போது எழுதினார்? 1903-இல். பதினைந்து வருஷம் கழித்து, வின்சென்ட் செத்துப் பல வருஷம் ஆன பிறகு. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

இப்போது பசிபிக் பெருங்கடல் தீவான தஹிதி. 1891-இல் படங்களை ஏலம் விட்டுப் பணம் திரட்டி, அரசாங்கத்திடம் சிபாரிசும் வாங்கிக்கொண்டு கப்பலேறினார். நாகரிகம் தொடாத சொர்க்கத்தைத் தேடித்தான் போனாராம். ஆனால் தஹிதி 1880-லிருந்தே பிரெஞ்சுக் காலனி. தலைநகர் பப்பேட்டேயில் தேவாலயம், அதிகாரிகள், தகரக் கூரைகள். பெண்கள் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய மிஷனரி கவுன் போட்டிருந்தார்கள். ஊரை விட்டுத் தள்ளி மத்தாயேயா என்ற கிராமத்துக்குப் போனார். அங்கேயும் மீன் பிடிக்கத் தெரியாது, மரம் ஏறத் தெரியாது. சீனர் கடையில் டின் உணவு வாங்கித்தான் பிழைப்பு ஓடியது.

சொர்க்கம் கிடைக்கவில்லை என்றதும் அவரே ஒன்றை வரைந்துகொண்டார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கும் 'இயா ஒரானா மரியா' படத்தைப் பாருங்கள். சிவப்புத் துணி சுற்றிய தஹிதிப் பெண்தான் மரியா, தோளில் குழந்தை இயேசு. கீழே வாழைப்பழக் குலை. எதிரே இரண்டு பெண்கள் கைகூப்பி நிற்கிறார்கள் அல்லவா? அது தஹிதியில் கண்டது இல்லை. ஜாவாவின் போரோபுதூர் பௌத்தக் கோயில் சிற்பங்களின் போட்டோவைக் கூடவே எடுத்துப் போயிருந்தார், அதிலிருந்து எடுத்தது. கிறிஸ்தவக் கதை, பௌத்தக் கும்பிடு, பசிபிக் துணி. கலவை அபாரம், மறுக்கவே முடியாது. ஆனால் தஹிதியின் வாழ்க்கையைப் பதிவு செய்தவர் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

அடுத்து தெஹாமனா, தஹிதியில் கோகன் மனைவி என்று வைத்துக்கொண்ட சிறுமி. கோகன் எழுதியதன்படி அவளுக்கு வயது ஏறக்குறைய பதின்மூன்று. இவருக்கு நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு. பெற்றவர்கள் ஒரே நாளில் கொடுத்துவிட்டார்கள், அவளும் சந்தோஷமாக வந்தாள் என்கிறார். அவள் தரப்பில் ஒரு வரி கிடையாது. 1892-இல் வரைந்த 'மனாவோ துபப்பாவ்' இப்போது அமெரிக்காவின் பஃபலோ நகரில் இருக்கிறது. ஆடையில்லாமல் குப்புறப் படுத்திருக்கிறாள், கண்ணில் பயம். பின்னால் கறுப்பு உடையில் ஒரு கிழ உருவம். இரவு நேரம் கழித்து வந்தேன், விளக்கு அணைந்திருந்தது, தீக்குச்சியைக் கிழித்தபோது ஆவி பயத்தில் இப்படிக் கிடந்தாள் என்று விளக்கம் கொடுக்கிறார். சரி, ராத்திரி கதவைத் திறந்துகொண்டு வந்தவர் யார்? அவள் எதைப் பார்த்துப் பயந்தாள் என்று கலை வரலாற்றாசிரியர்கள் கேட்கத் தொடங்கி ரொம்ப நாளாகிறது.

"அந்தக் காலத்தில் அது சகஜம்" என்று ஒரு பதில் வரும். பிரெஞ்சுச் சட்டத்தில் சம்மத வயது அப்போது பதின்மூன்றுதான், உண்மை. ஆனால் சட்டம் தடுக்கவில்லை என்பது அவள் விரும்பி வந்தாள் என்பதற்குச் சாட்சி ஆகுமா? இதற்குப் பிறகு பஹுரா, அவளுக்குப் பதினான்கு. கடைசியாக 1901-இல் மார்கெசாஸ் தீவுகளில் ஹிவா ஓவாவுக்குப் போன பிறகு வாயெஹோ, அவளுக்கும் பதினான்கு.

அந்தக் கடைசிக் கதையில்தான் மனிதர் முழுசாக வெளிப்படுகிறார். ஹிவா ஓவாவில் அதிகாரிகளோடும் பிஷப்போடும் சண்டை. வரி கட்டாதீர்கள் என்று தீவு மக்களிடம் சொன்னார். மிஷன் பள்ளிக்குத் தூரத்து ஊர்ப் பிள்ளைகளை அனுப்பச் சட்டத்தில் கட்டாயம் இல்லை என்றும் எடுத்துச் சொன்னார். காலனி அரசை எதிர்த்த வீரர் என்று சிலர் கொண்டாடுவது இதை வைத்துத்தான். எதிர்த்தார், சரி. ஒரு போலீஸ்காரரை அவதூறு செய்ததாக 1903-இல் மூன்று மாதச் சிறை, 500 பிராங்க் அபராதம் என்று தீர்ப்பும் வந்தது. ஆனால் வாயெஹோ அதே மிஷன் பள்ளியிலிருந்துதான் இவர் வீட்டுக்கு வந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதற்கு முன்பு பப்பேட்டேயில் பத்திரிகை நடத்தியபோது அங்கிருந்த சீனர்களுக்கு எதிராகவும் பேசியிருக்கிறார். சோறு போட்டது சீனர் கடை!

சிறைக்குப் போகுமுன்பே, 1903 மே 8-ஆம் தேதி, ஐம்பத்து நான்கு வயதில் இறந்துபோனார். சிபிலிஸ் என்ற பால்வினை நோய் என்றுதான் எல்லோரும் எழுதி வந்தார்கள். 2000-இல் அவர் வீட்டுக் கிணற்றைத் தோண்டியபோது ஒரு கண்ணாடி ஜாடியில் நான்கு பற்கள் கிடைத்தன. பரிசோதித்ததில், அந்தக் காலத்தில் அந்த நோய்க்கு மருந்தாகக் கொடுத்த பாதரசத்தின் தடயம் இல்லை. அதனால் அந்த நோயே அவருக்கு இருந்ததா என்று இப்போது சந்தேகம். இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பெண்களின் வயது மாறப் போவதில்லை.

2019-இல் லண்டன் நேஷனல் கேலரி இவருடைய உருவப்படக் கண்காட்சியை நடத்தியபோது, கோகனைப் பார்ப்பதையே நிறுத்திவிடலாமா என்ற கேள்வியைப் பார்வையாளர்கள் முன்னால் அவர்களே வைத்தார்கள். நான் நிறுத்தச் சொல்ல மாட்டேன். படங்கள் சுவரிலேயே இருக்கட்டும். பக்கத்து அட்டையில் 'மனைவி', 'காதலி' என்று எழுதுவதை விட்டுவிட்டு, பெயரையும் வயதையும் எழுதுங்கள்.

முடிந்தால் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட் இணையதளத்தில் தெஹாமனாவின் 1893 உருவப்படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கையில் விசிறி, தலையில் பூ, உடம்பில் அதே மிஷனரி கவுன், நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்டது. காட்டு சொர்க்கம் என்று கதை விட்டவர், இந்த ஒரு தடவை அவள் உண்மையில் போட்டிருந்த துணியோடு வரைந்துவிட்டார். பின்னால் இருக்கும் எழுத்துகள் மட்டும் தஹிதியுடையவை அல்ல, ஈஸ்டர் தீவுடையவை. பழக்கம் எங்கே போகும்?

அடுத்த வீடியோ செஸான். ஆப்பிள்கள்தான், பயப்படாமல் பிள்ளைகளோடு பார்க்கலாம். வரட்டுமா.