அவன் கற்கட்டும், கத்தியை எடுக்கப் பொறுக்கட்டும்

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். “இளம்மேதை மருத்துவராவதற்கு வயது தடையாக இருக்கலாமா?” என்பது இன்றைய தலைப்பு. திறமை இருக்குமிடத்தில் வயதைக் கேட்பது அநீதி என்று எதிரணித் தலைவர் வாதிட்டார். நோயாளியின் உடலைத் தொடுகிற இடத்தில் வயதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பது எங்கள் நிலை.

எதிரணியினர் தங்கள் தரப்பின் முதல் சான்றாக நிறுத்தியவர் பாலமுரளி அம்பாட்டி. 1977-இல் வேலூரில் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோருடன் அமெரிக்கா சென்று, 13 வயதில் நியூயார்க் பல்கலைக்கழகப் பட்டமும், 1995-இல் 17 வயதில் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியின் பட்டமும் பெற்று, உலகின் மிக இளைய மருத்துவர் என்று கின்னஸில் பதிவானவர். அவருடைய அறிவுக்கு முன் நானும் தலைவணங்குகிறேன். ஆனால் பட்டம் வாங்கிய மறுநாளே அவர் தனியாக அறுவை அரங்கத்துக்குள் நுழைந்துவிடவில்லை. கண் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சிக்காக மூத்த மருத்துவர்களின் மேற்பார்வையில் ஆண்டுக்கணக்கில் பணிசெய்து, தன் பொறுப்பில் சிகிச்சை அளிக்கத் தொடங்கியபோது அவர் இருபதுகளில் இருந்தார். எதிரணியின் தலைசிறந்த சான்றுகூட, பட்டத்தை விரைவாகப் பெறலாம் என்பதைத்தான் மெய்ப்பிக்கிறதே தவிர, பொறுப்பை விரைவாகத் தரலாம் என்பதை அன்று. அதோடு, வென்ற ஒருவரின் பெயர் ஏட்டில் ஏறுகிறது. பாதியில் மனம் ஒடிந்து திரும்பிய பிள்ளைகளின் பெயரை எந்தச் சாதனைப் புத்தகமும் எழுதி வைப்பதில்லை என்பதையும் நடுவர் கருத்தில் கொள்ள வேண்டும்.

நான் இன்னொருவரை முன்வைக்கிறேன். ஷோ யானோ 1990-இல் அமெரிக்காவில் பிறந்தவர். ஒன்பது வயதில் சிகாகோவின் லயோலா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 12 வயதில் பட்டம் பெற்றார். அதன்பின் மருத்துவம் படிக்க விண்ணப்பித்தபோது, இத்தனை சிறிய பையனை நோயாளிகளிடம் எப்படி அனுப்புவது என்று சில கல்லூரிகள் தயங்கின. சிகாகோ பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே அவர் சேர்ந்தது மருத்துவப் பட்டத்தையும் முனைவர் பட்டத்தையும் இணைத்துத் தரும் படிப்பு. அதில் ஏட்டுப் பாடங்களும் ஆய்வும் முன்னால் வரும், நோயாளிகளோடு பழகும் ஆண்டுகள் பின்னால் வரும். அவர் 18 வயதில் முனைவரானார்; அதற்குப் பிறகே மருத்துவமனைப் பயிற்சியை முடித்து, 2012-இல் 21 வயதில் மருத்துவரானார். அந்தப் பல்கலைக்கழகம் அவருடைய அறிவை ஒரு நாள்கூடப் பட்டினி போடவில்லை. நோயாளியிடம் செல்வதற்கு மட்டும் அவரைக் காத்திருக்க வைத்தது. இதைத்தான் எங்கள் அணி கேட்கிறது.

ஏன் அந்தக் காத்திருப்பு? நம் நாட்டில் 18 வயது நிறையாத ஒருவர் தனக்கே அறுவை சிகிச்சை நடக்கும்போதுகூட ஒப்புதல் படிவத்தில் தாமே கையெழுத்திட முடியாது. தாயோ தந்தையோ இட வேண்டும். அவரால் செல்லத்தக்க ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளவும் முடியாது. தன் உடலைப் பற்றித் தானே முடிவெடுக்கத் தகுந்த முதிர்ச்சி இன்னும் வரவில்லை என்று சட்டம் கருதுகிற ஒரு பிள்ளை, அடுத்த அறையில் படுத்திருக்கும் ஐம்பது வயதுக்காரரிடம் அபாயங்களை விளக்கி, அவருடைய ஒப்புதலைப் பெற்று, அதற்குப் பொறுப்பேற்பது எவ்வாறு பொருந்தும்? தவறு நேர்ந்தால் நீதிமன்றத்தில் யார் நிற்பது? எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் இதற்கு நேரடியாக விடை சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விளைவுகளை எடைபோட்டுப் பார்ப்பதற்கும், உந்துதலை அடக்குவதற்கும் துணைநிற்கும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது என்பது நரம்பியல் நமக்குச் சொல்லியிருக்கும் செய்தி. நினைவாற்றலில் ஒரு சிறுவன் பேராசிரியரை வெல்லலாம். ஆனால் நள்ளிரவில் ஒரு குழந்தையின் உயிர் பிரிந்த பிறகு, வெளியே காத்திருக்கும் தாயிடம் சென்று அதைச் சொல்வதற்கு நினைவாற்றல் உதவாது. சொல்லிவிட்டுத் திரும்பி வருகிற அந்தப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவனோடு பணிசெய்பவர்கள் அவனைவிட ஏழெட்டு வயது மூத்தவர்கள். அவன் வயதுப் பிள்ளைகளோ பதினொன்றாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சாவின் கனத்தை அவன் யாரிடம் இறக்கி வைப்பான்? பருவம் கொண்டுவரும் நட்பும் சண்டையும், தோற்றுப் பழகுவதும், பெற்றோரோடு முரண்பட்டுத் தனக்கென ஒரு மனத்தை அமைத்துக்கொள்வதும் படிப்புக்கு இடையூறு என்று எதிரணி கருதுகிறது. பிறருடைய துயரத்தின் முன் கலங்காமல் நிற்கிற வலிமையை அவன் அங்கேதான் பெறுகிறான் என்று நான் நம்புகிறேன்.

இந்த ஆசை எல்லை மீறினால் என்ன நடக்கும் என்பதற்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 2007-இல் திருச்சி மாவட்டம் மணப்பாறையில், மருத்துவத் தம்பதியர் இருவர் தங்கள் 15 வயது மகன் ஒரு பெண்ணுக்குச் சிசேரியன் செய்ததாக ஒளிப்பதிவு எடுத்து, அதை உள்ளூர் மருத்துவர்கள் கூட்டத்தில் திரையிட்டுக் காட்டினார்கள். மகனின் பெயர் கின்னஸில் ஏற வேண்டும் என்பதே நோக்கம். காவல்துறை வழக்குப் பதிந்தது. அவன் பட்டம் பெற்றவனே அல்லன், அவனை அம்பாட்டியோடு ஒப்பிடுவது முறையா என்று எதிரணி கேட்கலாம். நான் ஒப்பிடவில்லை. “மிக இளைய” என்ற அடைமொழியைத் துரத்தும்போது யார் மறக்கப்படுகிறார்கள் என்பதையே காட்டுகிறேன். அந்த நாள்களில் நாடெங்கும் அந்தச் சிறுவனைப் பற்றியும் பெற்றோரைப் பற்றியும் பேசினார்கள். மேசையில் மயக்கத்தில் கிடந்த அந்தத் தாயைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்? தன் வயிற்றைத் திறக்கப் போவது யார் என்று தெரிந்திருந்தால் அவர் சம்மதித்திருப்பாரா?

நம் நாட்டின் விதி மிகக் கடுமையானது என்ற குற்றச்சாட்டுக்கும் வருகிறேன். எம்.பி.பி.எஸ். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் முடிக்கும்போது ஒருவர் ஏறத்தாழ 22 வயதை அடைந்திருப்பார். இதற்குள் ஒரு மேதையின் காலம் வீணாகிறது என்றார்கள். வீணாவது விதியால் அன்று, அவனுக்கு வேறு கதவு திறக்காததால். 12 வயதில் உயிர்வேதியியல் புரிகிறதா, ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்துவிடுங்கள். மரபணுவியல் புரிகிறதா, பல்கலைக்கழக வகுப்பில் உட்கார வையுங்கள். அங்கே அவன் செய்யும் பிழையால் ஒரு சோதனைக்குழாய் உடையும், அவ்வளவுதான்.

எனவே, படிப்புக்கு வயது வரம்பு தேவையில்லை, நோயாளியின் படுக்கைக்கு அருகில் அது கட்டாயம் தேவை என்று பிரித்துப் பார்த்து, எங்கள் அணிக்குச் சார்பாகத் தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி.