விரலால் காட்டும் வலி, உள்ளங்கையால் காட்டும் வலி

நேயர்களுக்கு வணக்கம்.

மேல்வயிற்றில் வலி, விலாவில் வலி என்று வருகிறவரிடம், வலிக்கும் இடத்தைக் கையால் காட்டுங்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். சிலர் ஒற்றை விரலை ஓர் இடத்தில் ஊன்றி, "இங்கேதான் டாக்டர்" என்பார்கள். சிலர் உள்ளங்கையை விரித்து மேல்வயிறு முழுவதையும் தடவிவிட்டு, சரியாகச் சொல்லத் தெரியவில்லையே என்று சங்கடப்படுவார்கள். சங்கடப்பட ஒன்றுமில்லை. விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி பெரும்பாலும் தோல், தசை, எலும்பு, குருத்தெலும்பு ஆகியவற்றாலான வெளிச்சுவரைச் சேர்ந்தது. உள்ளங்கையால் மட்டுமே காட்ட முடிகிற வலி பெரும்பாலும் உள்ளுறுப்பினுடையது. இதற்கு விதிவிலக்குகள் உண்டு.

தோலுக்கு நரம்புகள் நெருக்கமாக இருப்பதால் ஒரு கொசு எங்கே கடித்தது என்பதைக்கூட நாம் பிசகாமல் சொல்லிவிடுகிறோம். உள்ளுறுப்புகளுக்கு நரம்புகள் குறைவு. அவையும் ஒன்றோடொன்று கலந்தே தண்டுவடத்தை அடைகின்றன. ஆகவே இரைப்பை, பித்தப்பை, கணையம் ஆகியவற்றின் வலியும், சில வேளைகளில் இதயத்தின் வலியும், நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒரே இடத்தில்தான் உணரப்படுகின்றன. இவை அனைத்துக்கும் நம் வீடுகளில் வைத்திருக்கும் ஒரே பெயர் 'வாயு'. வாயு என்பது வெறும் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன்; பெருங்குடல் இடப்பக்க விலாவுக்கு அடியில் வளையும் இடத்தில் காற்று தேங்கினால் நன்றாகவே வலிக்கும், காற்றுப் பிரிந்ததும் அது அடங்கிவிடும். அந்தச் சொல்லைக் கேட்டதும் மேற்கொண்டு யோசிப்பதை நிறுத்திவிடுகிறோமே, அதுதான் என் கவலை.

பெரம்பூரிலிருந்து வந்த ஒரு முதியவர் நினைவுக்கு வருகிறார். கல்யாண விருந்து சாப்பிட்ட இரவில் மேல்வயிறு கனத்து வலித்திருக்கிறது. சோடா குடித்தார், ஓமத் தண்ணீர் குடித்தார், சட்டை நனையும்படி வியர்த்தபோதும் புழுக்கம் என்றே நினைத்துக்கொண்டார். சென்னையில் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. காலையில் எடுத்த இ.சி.ஜி.யில் இதயத்தின் அடிச்சுவரில் மாரடைப்பு தெரிந்தது. அந்தச் சுவர், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் மேல் படிந்திருப்பதால், அங்கே ஏற்படும் அடைப்பு நெஞ்சுவலியாக வராமல் வயிற்றுவலியாகவும் குமட்டலாகவும் வரக்கூடும். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகள், பெண்கள், முதியவர்கள் ஆகியோரிடம் இப்படி முகம் மாறி வருவது கூடுதல். வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் கனம், நடந்தால் கூடி நின்றால் குறையும் வலி, இவற்றில் எதுவும் மேல்வயிற்று வலியோடு சேர்ந்திருந்தால் ஜீரண மருந்தைத் தேடிக்கொண்டிராமல் 108-ஐ அழைத்து, இ.சி.ஜி. எடுக்கும் இடத்துக்குப் போய்விட வேண்டும். அந்த இ.சி.ஜி. சரியாக இருந்து, இரைப்பைதான் காரணம் என்று தெரியவந்தால் யாருக்கும் நட்டமில்லை.

வலப்பக்கத்தில் நான் அதிகம் பார்ப்பது பித்தப்பைக் கல். எண்ணெயும் நெய்யும் மிகுந்த உணவுக்குப் பிறகு, பல வேளை நள்ளிரவில், வலப்பக்க விலாவுக்கு அடியில் தொடங்கி முதுகில் வலத் தோள்பட்டை எலும்பு வரை போகும் அந்த வலி, விட்டுவிட்டு வராமல் அரை மணி முதல் சில மணி நேரம் வரை ஒரே சீராக நீடித்து, பிறகு வந்த சுவடே இல்லாமல் மறைந்துவிடும். மறைந்துவிடுவதால்தான் மாதக்கணக்கில் அலட்சியம் செய்கிறார்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, காய்ச்சலும் சேர்ந்தால் பித்தப்பை அழற்சி என்று சந்தேகிக்க வேண்டும். கண் மஞ்சளானால் கல் பித்தநாளத்துக்கு இறங்கியிருக்கலாம். அதே பக்கத்தில், குளிர்காய்ச்சலோடு விலா இடுக்கில் அழுத்தினால் துடிக்கவைக்கும் வலி இருந்தால், அமீபாக் கிருமியால் கல்லீரலில் சீழ்க்கட்டி உண்டாகியிருக்கக்கூடும். மது அருந்தும் நடுவயது ஆண்களிடம் இது அதிகம். சாதாரண ஸ்கேனிலேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் மருந்திலேயே குணமாகும்.

கணைய அழற்சியின் வலி முதுகைத் துளைத்துக்கொண்டு போவதுபோல் இருக்கும். மல்லாந்து படுக்க முடியாமல் முன்னோக்கிக் குனிந்து உட்கார்ந்திருப்பவரைக் கண்டால் மருத்துவருக்கு அந்த எண்ணம் வந்துவிடும். மதுவும் பித்தக்கல்லும் அதன் முதன்மைக் காரணங்கள். இரைப்பைப் புண்ணுக்குக் காரமும் மனக்கவலையுமே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியின் பங்கை ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் நிறுவினார்கள்; மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்துச் சோதித்தார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மழைக்காலத்தில் இன்னொன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. டெங்குக் காய்ச்சல் இறங்குகிற வேளையில் கடுமையான வயிற்றுவலியும் ஓயாத வாந்தியும் வந்தால் அது ஆபத்தின் அறிகுறி. காய்ச்சல்தான் விட்டுவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடக்கூடாது.

இனி விரலால் காட்டும் வலிகள். பன்னிரண்டு இணை விலா எலும்புகளில் எட்டு, ஒன்பது, பத்தாம் இணைகள் மார்பெலும்போடு நேரே சேர்வதில்லை. குருத்தெலும்பால் மேலிருக்கும் விலாவோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த ஒட்டுத் தளர்ந்தால் விலாவின் நுனி நழுவி நரம்பை உரசும்; குனியும்போதும் திரும்பும்போதும் சுருக்கென்று குத்தும். மார்பெலும்பை ஒட்டிய குருத்தெலும்பு அழற்சியும், வாரக்கணக்கில் இருமி இருமிப் புண்பட்ட தசையும் இவ்வகையே. ஆனால் மூச்சை இழுக்கும்போதெல்லாம் குத்தி, காய்ச்சலும் இருந்தால் நுரையீரலைப் பார்க்க வேண்டும். இருசக்கர வண்டியிலிருந்து விழுந்து இடப்பக்கக் கீழ்விலாவில் அடிபட்டவர், எலும்பு முறியவில்லை என்றாலும், மண்ணீரலில் காயம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சிலருக்கு இரத்தக்கசிவு நாட்கள் கழித்தே வெளிப்படும்.

விலாவின் ஒரு பக்கத்தில் மட்டும் அரைக்கச்சை கட்டியதுபோல் எரிந்து, தோலில் ஒன்றுமே தெரியாமல், இரண்டு மூன்று நாள் கழித்துக் கொப்புளங்கள் கிளம்பினால் அது அக்கி. காவியால் அக்கி எழுதும் வழக்கத்தை நான் குறைகூற வரவில்லை. ஆனால் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் உண்டு. எழுதிக்கொள்கிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும், அன்றே மருத்துவரிடமும் வந்துவிட வேண்டும்.

சாதாரண விலா வலிக்கு மருந்துக்கடையில் வாங்கும் வலி மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை வெறும் வயிற்றில் நாள்தோறும் விழுங்கி, இரைப்பையில் புண் உண்டாக்கிக்கொண்டு, உள்ளங்கையால் வலியைக் காட்டியபடி திரும்பி வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். மலம் கறுத்துத் தார்போல் போனால் அந்தப் புண்ணில் இரத்தம் கசிகிறது என்று பொருள். மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வணக்கம்.