50 பவுண்டு அபராதமும் அழியாத கைரேகையும்

நேயர்களுக்கு வணக்கம்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்கள்மேல் எனக்கு இரக்கம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் சித்தப்பா மகன் இரவு வேலை முடிந்து மொபெட்டில் வீடு திரும்பும்போது, குடித்திருந்த ஒருவர் ஓட்டிவந்த கார் மோதி இறந்தான். அவனுடைய சாப்பாட்டு டப்பாவைச் சித்தி இன்றுவரை பரணில் வைத்திருக்கிறார். ஆகவே, குடித்து ஓட்டுகிறவர்களுக்கு வக்காலத்து வாங்க வந்துவிட்டான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். லைசென்ஸைப் பறிக்கட்டும், அபராதம் போடட்டும், சிறையில்கூட வைக்கட்டும். நான் கேட்க வந்தது அதற்குப் பிந்தைய கதை. தண்டனை முடிந்த பிறகு, அந்த ஆளின் உடம்பிலிருந்து எடுத்த அடையாளங்களைக் காவல்துறை எத்தனை காலம் வைத்திருக்கலாம்?

இந்தக் கேள்வியை ஒரு மனிதர் பதினோரு வருஷம் விடாமல் கேட்டார். பிரிட்டனின் ஒரு பகுதியான வட அயர்லாந்துக்காரர். 2008 அக்டோபர் 14 அன்று, அளவுக்கு மேல் குடித்துவிட்டுக் கார் ஓட்டியதாகக் கைது செய்யப்பட்டார். அங்கே மூச்சில் ஆல்கஹால் அளவு 100 மில்லிலிட்டருக்கு 35 மைக்ரோகிராம் தாண்டினால் குற்றம். காவல் நிலையத்தில் அவரைப் புகைப்படம் எடுத்தார்கள். கைரேகை எடுத்தார்கள். கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து டி.என்.ஏ. மாதிரியும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் நீதிமன்றத்தில் அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டார். 50 பவுண்டு அபராதம், 12 மாதம் வண்டி ஓட்டத் தடை. அவ்வளவுதான் தண்டனை. பணத்தைக் கட்டினார், தடைக்காலமும் முடிந்தது. ஐந்து வருஷம் போனதும் அந்தத் தண்டனை 'காலாவதி ஆன தண்டனை' என்று சட்டமே சொல்லிவிட்டது. பொதுவாக, வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுகூட அதைச் சொல்ல வேண்டியதில்லை.

காவல்துறையின் கணினிக்கு மட்டும் அது காலாவதி ஆகவில்லை. அவருடைய டி.என்.ஏ. விவரம், கைரேகை, முகம் மூன்றையும் கால வரையறையே இல்லாமல் வைத்துக்கொள்வோம் என்றது காவல்துறை. மாதிரி என்றால் எச்சில் ஒட்டிய அந்தப் பஞ்சு. விவரம் என்றால் அதிலிருந்து எடுத்து எழுதிய எண்களின் வரிசை. பஞ்சைப் பிற்பாடு 2015இல் அழித்துவிட்டார்கள். எண்கள் அப்படியே இருந்தன. காவல்துறையைப் பொறுத்தவரை கொலை செய்தவரும் இவரும் ஒரே கணக்குதான். சிறைத்தண்டனை கொடுக்க இடமுள்ள குற்றம் எதுவானாலும் பதிவு நிரந்தரம்.

அவர் வழக்குப் போட்டார். 2015 மே மாதம் லண்டனில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் காவல்துறை செய்தது சரி என்றார்கள். ஒரே ஒரு நீதிபதி மறுத்தார். அவர் கெர் பிரபு. வட அயர்லாந்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர், அந்த ஊரின் குண்டுவெடிப்புக் காலத்தையும் காவல்துறையின் சிரமத்தையும் நேரில் அறிந்தவர். குற்றம் பெரிதா சிறிதா என்று பார்க்காமல், பிறகு எப்போதுமே திரும்பிப் பார்க்க வழி வைக்காமல், ஒருவரின் அடையாளங்களைக் காலத்துக்கும் வைத்திருப்பது அளவு மீறிய செயல் என்று அவர் தனியாக எழுதினார். எனக்கு அந்தத் தீர்ப்பின்மேல் பெரிய மரியாதை உண்டு.

சரி, காவல்துறை பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது, பலமாகவே இருக்கிறது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1980களில் பல பெண்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கி, அவர்களின் காலணிகளையும் எடுத்துப்போன ஒருவன் இருபது வருஷம் சிக்கவே இல்லை. பழைய தடயத்திலிருந்து டி.என்.ஏ. கிடைத்தபோது தேசியத் தரவுத்தளத்தில் அவன் இல்லை. ஆனால் அதற்கு நெருங்கிய இன்னொரு பதிவு இருந்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்ட ஒரு பெண்ணின் பதிவு. அவள் அவனுடைய சகோதரி. அந்த வழியாகப் போய்த்தான் 2006இல் அவனைத் தண்டித்தார்கள். பாதிக்கப்பட்ட அந்தப் பெண்களின் இடத்தில் நின்று பார்த்தால், அந்தப் பதிவை வைத்திருந்ததற்கு யாரும் நன்றிதான் சொல்வார்கள். நானும் சொல்கிறேன்.

ஆனால் அதே கதையை இன்னொரு பக்கமிருந்தும் பாருங்கள். சகோதரி தன் எச்சிலைக் கொடுத்தபோது சகோதரனின் அடையாளமும் சேர்ந்தே போயிருக்கிறது. டி.என்.ஏ. ஒரு ஆளோடு நிற்பதில்லை. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர், இனிப் பிறக்கப்போகிற பிள்ளை என்று குடும்பத்தையே இழுத்துக்கொண்டு வரும். ஒருவன் ஒரு ராத்திரி செய்த தப்புக்கு, எந்தத் தப்பும் செய்யாத அவன் மகள் முப்பது வருஷம் கழித்து ஒரு தேடலின் ஓரத்தில் வந்து நிற்க நேரிடும். அந்த நிலைக்கு ஓர் எல்லை வேண்டுமா, வேண்டாமா?

இந்த வழக்கு ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே இதற்கு முன்பே ஒரு பெரிய தீர்ப்பு உண்டு. 2008 டிசம்பரில், குற்றம் நிரூபிக்கப்படாதவர்களின் டி.என்.ஏ.யைப் பிரிட்டன் காலவரையின்றி வைத்திருப்பது தவறு என்று 17 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அதில் வழக்குப் போட்ட இருவரில் ஒருவன் கைதானபோது பதினொரு வயதுப் பையன். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு இங்கிலாந்தில் 2012இல் சட்டம் மாறி, 17 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை நீக்கினார்கள். இந்த வட அயர்லாந்துக்காரரின் வழக்கில் விஷயம் இன்னும் கடினம். இவர் நிரபராதி இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டவர். அதனால்தான் இந்த வழக்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது. நிரபராதிக்காகப் பேச நிறையப் பேர் வருவார்கள்.

எவ்வளவு அதிகமாகச் சேமிக்கிறோமோ அவ்வளவு குற்றம் தடுக்கப்படும் என்று பிரிட்டிஷ் அரசு வாதாடியது. 2020 பிப்ரவரி 13 அன்று வந்த தீர்ப்பில் நீதிமன்றம் இதற்குச் சொன்ன பதில் நேரடியானது. இந்த வாதத்தை ஒப்புக்கொண்டால் நாட்டு மக்கள் எல்லோருடைய விவரத்தையும், செத்துப்போன அவர்களின் உறவினர் விவரத்தையும்கூடச் சேமிப்பது நியாயமாகிவிடும் என்றது. முகப்படத்தைப் பற்றியும் பேசியது. வழக்கு தொடங்கியபோது அந்தப் படம் ஏதோ ஒரு தனிக் கணினியில் சும்மா கிடந்தது. இந்தப் பத்து வருஷத்தில் முகத்தை அடையாளம் காணும் தொழில்நுட்பம் வந்துவிட்டது. அப்படியானால், எடுத்த அன்று சாதாரணமாக இருந்த படம் இன்று சாதாரணமில்லை. குற்றத்தின் தன்மையைப் பார்க்கவில்லை, தேவையைப் பார்க்கவில்லை, மறுபரிசீலனைக்கு உண்மையான வழியும் வைக்கவில்லை, ஆகவே அந்தரங்க வாழ்வுக்கான உரிமை மீறப்பட்டது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். பணமாக இழப்பீடு எதுவும் தரவில்லை.

அப்புறம் வட அயர்லாந்து அரசு என்ன செய்தது? பெரிய குற்றத்துக்கு 75 வருஷம், மற்றவற்றுக்கு 50, சிறார்களுக்கு 25 என்று ஒரு திட்டத்தை 2020இல் மக்கள் கருத்துக்கு முன்வைத்தது. 'காலவரையின்றி' என்ற சொல் போய்விட்டது, உண்மைதான். ஆனால் முப்பது வயதில் பிடிபட்டவருக்கு 50 வருஷம் என்றால் எண்பது வயது. அவர் வாழ்வில் அது எந்த மாற்றத்தைத் தரும் என்று எனக்குப் புரியவில்லை.

இந்த 75 என்ற எண் நம் நாட்டிலும் இருக்கிறது, நேயர்களே. நம் ஊரில் டிரங்க் அண்ட் டிரைவ் என்றால் வழக்கமாக நடப்பது தெரியும்: ஊதச் சொல்வார்கள், வண்டியை எடுத்துக்கொள்வார்கள், பிறகு கோர்ட்டில் அபராதம். மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவின்படி, ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம் தாண்டினால் முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கைதிகளின் அடையாளம் பற்றிய 1920ஆம் ஆண்டுப் பழைய சட்டம், ஓராண்டோ அதற்கு மேலோ கடுங்காவல் விதிக்கக்கூடிய குற்றங்களைத்தான் முக்கியமாகக் குறிவைத்தது. ஆறு மாதக் குற்றம் அந்த வரம்புக்குள் வராது. 2022இல் வந்த புதிய குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. எந்தச் சட்டத்தின் கீழ் கைதானாலும், தண்டிக்கப்பட்டாலும், கைரேகை, புகைப்படம், கருவிழி, விழித்திரை எல்லாம் எடுக்க இடம் உண்டு. ரத்தம், எச்சில் போன்ற உயிரியல் மாதிரிகளை மட்டும், கைதானவர் சில குற்றங்களைத் தவிர மற்றவற்றில் மறுக்கலாம். எடுத்த நாளிலிருந்து 75 வருஷம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தில் இருக்கும். இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவனிடம் எடுத்தால், அவன் நூறு வயதைத் தொடும்வரை.

இதே நாட்டில்தான் 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னார்கள். எடுக்கிற நடவடிக்கை அதன் நோக்கத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

நேயர்களில் யாருக்காவது பயன்படலாம் என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். முன்பு எந்தத் தண்டனையும் பெறாத ஒருவர் விசாரணை இல்லாமல் விடுவிக்கப்பட்டாலோ, மேல்முறையீடெல்லாம் முடிந்து விடுதலையானாலோ, அந்தப் பதிவுகளை அழிக்க வேண்டும் என்று 2022 சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. நீதிமன்றம் காரணத்தை எழுதி வேறுவிதமாக உத்தரவிட்டால்தான் விதிவிலக்கு. அதற்கு மாநில அரசு நியமித்த அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும். விடுதலைத் தீர்ப்பின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கேட்டு வாங்குங்கள்.

ஆனால் அபராதத்தைக் கட்டி, தண்டனையை அனுபவித்து முடித்து, பத்து வருஷமாக ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் இருக்கிற ஒருவர் எந்த அதிகாரியிடம் போய்க் கேட்பது என்பதற்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை.