தொண்டை அடைப்பானும் மருந்துக்கடைக் குழாயும்

குன்னூரில் நின்று தடுப்பூசி பற்றிப் பேசுவது திருநெல்வேலிக்காரருக்கு அல்வா பதம் சொல்வது போலத்தான். நாய்க்கடிக்கு மருந்து செய்ய 1907-இல் தொடங்கிய பாஸ்டியர் நிலையம் சிம்ஸ் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. பின்னாளில் முத்தடுப்பு ஊசியும் அங்கே தயாரானது. அந்த மூன்றில் ஒன்றான தொண்டை அடைப்பானை (டிப்தீரியா) பற்றி மட்டும் இன்று பேசலாம் என்றிருக்கிறேன்.

சாதாரணத் தொண்டைப்புண்ணில் சீழ் துடைத்தால் வந்துவிடும். இது சாம்பல் நிறத் தோலாக ஒட்டிக்கொள்ளும், சுரண்டினால் ரத்தம் கசியும். அதற்காகச் சுரண்டிப் பார்த்துவிடாதீர்கள்! தோலின் ஓரத்தில் பஞ்சுக்குச்சியை வைத்து எடுத்தாலே போதும்.

நியூயார்க் நகர சுகாதாரத் துறை 1893-இல் செய்ததும் இதுதான். ஹெர்மன் பிக்ஸும் வில்லியம் பார்க்கும் பஞ்சுக்குச்சியும் வளர்ப்பு ஊடகக் குழாயும் அடங்கிய பெட்டிகளை மருந்துக்கடைகளில் வைத்தார்கள். டாக்டர் தொண்டையைத் தொட்டெடுத்துக் குழாயில் தடவி அதே கடையில் கொடுத்துவிடுவார். மாலையில் ஆள் வந்து எடுத்துப்போவார், இரவு முழுக்க உடல் சூட்டில் கிருமி வளரும், மறுநாள் முடிவு தெரிந்துவிடும். பெரிய கட்டடத்தைவிட இந்தக் கடை ஏற்பாட்டைத்தான் நான் மெச்சுவேன்.

ஏன் இத்தனை அவசரம்? குதிரைக்கு இந்தக் கிருமியின் நஞ்சைச் சிறுகச் சிறுக, மாதக்கணக்கில் ஏற்றி, கழுத்து ரத்தக்குழாயில் ரத்தம் எடுத்து, உறைந்தபின் மேலே தெளியும் மஞ்சள் நீரான சீரம்தான் முறிமருந்து. ரத்தத்தில் திரியும் நஞ்சை அது பிடிக்கும். செல்லுக்குள் புகுந்துவிட்டால் ஒன்றும் செய்யாது. முதல் நாள் போட்ட குழந்தை பெரும்பாலும் பிழைக்கும். நாலு நாள் கைவைத்தியம் பார்த்துவிட்டு வந்த குழந்தைக்குத் தொண்டைத் தோல் உரிந்தாலும், இரண்டாம் வாரம் இதயம் நின்றுபோகலாம். குடித்த தண்ணீர் மூக்கு வழியே வந்தால் நரம்பையும் தொட்டுவிட்டது என்று பொருள்.

மருந்திலும் விபத்து உண்டு. 1901-இல் செயின்ட் லூயிஸ் நகரில், ரணஜன்னி (டெட்டனஸ்) கண்ட குதிரையின் சீரத்தைச் சோதிக்காமல் கொடுத்ததில் 13 குழந்தைகள் இறந்தன.

1923-இல் பிரெஞ்சு விஞ்ஞானி ராமோன் ஃபார்மலினும் வெப்பமும் கொண்டு நஞ்சின் பல்லைப் பிடுங்கி, அதைத் தடுப்பூசியாக்கினார். 1926-இல் ஆங்கிலேய விஞ்ஞானி கிளென்னி அதில் படிகாரம் சேர்த்தார். நமக்கு, அதாவது மலைக்காரர்களுக்கு, வம்பு அந்தப் படிகாரத்தில்தான். கீழே எல்லோரும் வெயிலுக்குப் பயப்படுகிறார்கள். இந்த ஊசிக்கு உறைவதும் ஆகாது. உறைந்தால் படிகாரத் துகள் கட்டிதட்டி வீரியம் போய்விடும். ஜனவரி உறைபனியில் படகர் ஊரான ஹட்டிக்கோ எஸ்டேட் தொழிலாளர் லைனுக்கோ கிளம்புமுன் ஐஸ் பேக்கைக் காதருகே குலுக்குங்கள், உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். இறுகிய பேக்கை அப்படியே பெட்டியில் வைத்தால் குப்பியும் உறையும்.

சந்தேகம் வந்தால், அதே தொகுதிக் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறையவைத்து உருக்கி, இரண்டையும் குலுக்கி மேசையில் அருகருகே வையுங்கள். அரை மணி நேரம் பாருங்கள். சந்தேகக் குப்பியும் உறைந்த குப்பியின் வேகத்திலோ அதைவிடச் சீக்கிரமாகவோ அடியில் படிந்தால் அதை எந்தக் குழந்தைக்கும் போடாதீர்கள்.