பார்க்காத படம் எப்படிப் பிடிக்கும்?

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, நான் எழுந்து நின்றதுமே முறைக்கத் தொடங்கிவிட்ட எதிரணி நண்பர்களே, அரங்கம் நிறைந்த ரசிகப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

உலகத் திரைகளில் அமெரிக்க சினிமா கோலோச்சுவது ரசிகர்களின் ரசனையாலா, வியாபார பலத்தாலா? இதுதான் தலைப்பு. ரசனையால்தான் என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர். வியாபார பலத்தால்தான் என்று சொல்ல நான் வந்திருக்கிறேன்.

அவர் எப்படி ஆரம்பித்தார், கவனித்தீர்களா? 'எனக்கு உயிரான படம் தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன். யாரும் அதை என் தலையில் கட்டவில்லை. நானே பார்த்தேன், நானே அழுதேன்' என்றார். கைதட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன். அருமையான படம், அதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் நடுவர் அவர்களே, எங்கள் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. தேடி அலையும் வேலை வைக்காமல் எதிரணியே கூட்டிவந்து கூண்டில் நிறுத்திவிட்டது!

அந்தப் படம் 1994இல் வந்தபோது தியேட்டரில் ஓடவில்லை. சுமார் இரண்டரைக் கோடி டாலர் செலவழித்து எடுத்த படம், முதல் வெளியீட்டில் அமெரிக்காவில் சுமார் 1.6 கோடி டாலரோடு சுருண்டுகொண்டது. ஆஸ்கருக்கு ஏழு பிரிவுகளில் பரிந்துரை. ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. ரசனைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டுமா, இல்லையா? முடியவில்லையே, ஏன்? படத்தைத் தயாரித்த காசில் ராக் நிறுவனத்தை 1993இலேயே அமெரிக்கத் தொலைக்காட்சி முதலாளி டெட் டர்னர் வாங்கியிருந்தார். அவரிடம் டிஎன்டி என்றொரு சேனல் இருந்தது. சொந்தக் கம்பெனிப் படம், உரிமைக்குப் பெரிய செலவில்லை. 1997இலிருந்து போட்டார்கள், போட்டார்கள், போட்டுக்கொண்டே இருந்தார்கள். இன்றைக்கு ஐஎம்டிபி என்ற சினிமா இணையதளத்தில் ரசிகர்கள் மதிப்பெண் போட்டு உருவாக்கும் பட்டியலில் பல வருடங்களாக அதுதான் முதலிடம்.

படத்தில் சரக்கு இருந்தது, சரி. ஆனால் தோற்ற படத்துக்கு இரண்டாவது, மூன்றாவது, முப்பதாவது வாய்ப்பு கொடுத்தது யார்? சேனல் கையில் வைத்திருந்தவர். அதே 1994இல் வெனிஸ் திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கச் சிங்கம் விருதை இரண்டு படங்கள் பகிர்ந்துகொண்டன. ஒன்று தைவான் படம், இன்னொன்று மாசிடோனியப் படம். எதிரணியில் யாராவது பெயர் சொல்லுங்கள் பார்ப்போம். செல்போனை எடுக்கக் கூடாது! 'விவ் லாமூர்', 'பிஃபோர் தி ரெய்ன்'. இவற்றை வாரம் தவறாமல் வீட்டுக்குள் கொண்டுவந்து போட எந்த டர்னர் இருந்தார்? பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அது ரசனை. பார்க்கவே கிடைக்காததை எப்படி ஐயா பிடிக்கும்?

'அந்த ஐஎம்டிபி பட்டியல் உலக மக்களே போட்ட ஓட்டு' என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். அங்கே நெடுங்காலமாக முன்வரிசையில் நிற்பவை ஷாஷாங்க், காட்ஃபாதர், டார்க் நைட், காட்ஃபாதர் இரண்டாம் பாகம், 12 ஆங்க்ரி மென். அத்தனையும் அமெரிக்கா. பிரிட்டனின் சைட் அண்ட் சவுண்ட் பத்திரிகை பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் ஓட்டெடுப்பு நடத்துகிறது. 2022இல் 1,600 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். முதலிடம் பெல்ஜியத்தின் ஷாந்தால் அக்கர்மன் எடுத்த 'ஜீன் டீல்மன்'. அடுத்து அமெரிக்காவின் வெர்டிகோ, சிட்டிசன் கேன். அதன்பின் ஜப்பானின் 'டோக்கியோ ஸ்டோரி', ஹாங்காங்கின் 'இன் தி மூட் ஃபார் லவ்'. முதல் ஐந்தில் மூன்று அமெரிக்காவுக்கு வெளியே!

விமர்சகர்கள் மேட்டிமைக்காரர்கள் என்பீர்கள். இருக்கட்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரு விதவை வீட்டு வேலை செய்வதைப் பார்த்துவிட்டு அதை முதலிடத்தில் வைத்தவர்கள் கொஞ்சம் விசித்திரப் பிறவிகளாகத்தான் இருக்க வேண்டும். அவர்களுக்கு மூளை அதிகம் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் தொழிலே பல நாட்டுப் படங்களைப் பார்ப்பது. கண்ணில் படுவது மாறினால் பட்டியலும் மாறுகிறது. நான் கேட்கும் நியாயம் அவ்வளவுதான்.

சரி, இந்த வியாபார பலம் எங்கிருந்து வந்தது? 1914க்கு முன்னால் உலகின் மிகப் பெரிய சினிமா நிறுவனம் எந்த நாட்டுடையது தெரியுமா? பிரான்சின் பாத்தே. அமெரிக்கர்களே பிரெஞ்சுப் படம் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. முதல் உலகப் போர் வந்தது. ஆட்கள் போர்முனைக்குப் போனார்கள், ஸ்டுடியோக்கள் படுத்துவிட்டன. அந்தக் காலத்து பிலிமும் வெடிமருந்தும் ஏறக்குறைய ஒரே ரசாயனக் குடும்பம், ஆகவே மூலப்பொருளும் போருக்குப் போயிற்று. ஐரோப்பா எழுந்து பார்த்தபோது சந்தை கை மாறியிருந்தது. 1914இல் ஒரே ராத்திரியில் உலக மக்களின் ரசனை மாறிவிட்டது என்று எதிரணி வாதாடப் போகிறதா?

இரண்டாவது போர் முடிந்த பிறகு நடந்தது இன்னும் சுவாரசியம். பிரான்ஸ் நொடித்துக் கிடக்கிறது. முன்னாள் பிரதமர் லியோன் ப்ளூம் கடனுதவி கேட்டு வாஷிங்டன் போகிறார். 1946 மே மாதம் அமெரிக்க வெளியுறவுச் செயலர் பைர்ன்ஸுடன் ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. பழைய போர்க்கடன் தள்ளுபடி, புதுக்கடனும் உண்டு. கூடவே ஒரு ஷரத்து: பிரெஞ்சுத் தியேட்டர்களில் ஒவ்வொரு 13 வாரத்திலும் 4 வாரம் பிரெஞ்சுப் படங்களுக்கு, மீதி 9 வாரம் யாருக்கு வேண்டுமானாலும் திறந்த போட்டி. கடன் கேட்கப் போன இடத்தில் சினிமாவுக்கு என்ன வேலை, நடுவர் அவர்களே? பெண் கேட்கப் போன இடத்தில் வீட்டுப் பத்திரத்தை எழுதி வாங்குவது போல இல்லையா!

'திறந்த போட்டிதானே, பயம் எதற்கு?' என்று கேட்கலாம். ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த வருடங்களில் அமெரிக்கப் படங்கள் பிரான்சுக்குள் வர முடியவில்லை. அவையெல்லாம் சேர்ந்து வாசலில் வரிசைகட்டி நின்றன. அத்தனையும் சொந்த நாட்டில் போட்ட முதலை எடுத்துவிட்ட படங்கள். என்ன விலைக்குக் கொடுத்தாலும் லாபம். எதிரில் நிற்பவரோ மின்சாரத்துக்கும் பிலிமுக்கும் அல்லாடிக்கொண்டு புதிதாகப் படம் எடுக்க வேண்டியவர். இதற்குப் பெயர் போட்டியா? 1948 ஜனவரியில் நடிகர்களும் தொழிலாளர்களும் பாரிஸ் தெருவில் இறங்கினார்கள். அதே வருடம் ஒப்பந்தத்தைத் திருத்தி நான்கு வாரத்தை ஐந்தாக்கினார்கள்.

'அந்தப் படங்களைப் பார்த்துத்தானே பிரெஞ்சு இயக்குநர்கள் த்ரூஃபோவும் கோதாரும் உருவானார்கள்' என்று எதிரணி அம்மையார் மடக்கினார். நல்ல கேள்வி. ஹாலிவுட் இயக்குநர்கள் ஹாக்ஸையும் ஹிட்ச்காக்கையும் அவர்கள் கொண்டாடியது உண்மைதான். ஆனால் பிரெஞ்சு சினிமா பிழைத்தது அந்தக் கொண்டாட்டத்தால் மட்டும் அல்லவே. 1948 முதல் விற்கும் ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலும் ஒரு பங்கை எடுத்து உள்நாட்டுப் படங்களுக்குக் கொடுத்தார்கள். ஹாலிவுட் படத்துக்கு வாங்கிய டிக்கெட்டிலிருந்தும் பிரெஞ்சுப் படத்துக்குக் காசு போயிற்று. ரசனை காப்பாற்றும் என்று கையைக் கட்டிக்கொண்டு அவர்கள் உட்காரவில்லை. கெட்டிக்காரர்கள்.

இன்னொன்று. தியேட்டர்காரரிடம் 'இந்த நல்ல படம் வேண்டுமா? அப்படியானால் இந்தப் பத்து சுமார் படங்களையும் சேர்த்து எடு' என்று மொத்தமாகத் தலையில் கட்டும் வழக்கம் அமெரிக்க ஸ்டுடியோக்களுக்கு இருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1948இல் பாரமவுண்ட் வழக்கில் அது கூடாது என்று அடித்துச் சொன்னது. அது உள்ளூருக்கு. வெளிநாட்டுக்கு? ஏற்றுமதி என்றால் போட்டி நிறுவனங்கள் கைகோத்து விற்கலாம் என்று 1918இலேயே ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். அதன் கீழ் 1945இல் பெரிய ஸ்டுடியோக்கள் சேர்ந்து ஒரு ஏற்றுமதிச் சங்கம் ஆரம்பித்தன. வீட்டில் கூட்டுச் சேர்ந்தால் குற்றம், வெளியில் சேர்ந்தால் ஏற்றுமதி!

வருவதை மட்டும் சொன்னால் போதாது. பிற நாட்டுப் படம் அமெரிக்காவுக்குள் போனால் என்ன ஆகிறது? 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. அந்தச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. படகில் வானொலிக் கருவியை இயக்கியவர் அந்த செப்டம்பரில் இறந்தார். நவம்பரில், குண்டுச் சோதனை எழுப்பிவிட்ட பூதத்தின் கதையான இஷிரோ ஹோண்டாவின் 'காட்ஸில்லா' வெளியாகிறது. கடலில் ஒரு வெளிச்சம் வெடித்துக் கப்பல் எரிவதுதான் ஆரம்பம். ரயிலில் போகும் ஒரு பெண், நாகசாகியில் தப்பிப் பிழைத்தேன், இப்போது இது வேறா என்று சலித்துக்கொள்கிறாள். கடைசியில் முதிய விஞ்ஞானி, அணுகுண்டுச் சோதனை தொடர்ந்தால் இன்னொரு காட்ஸில்லா வரும் என்று எச்சரிக்கிறார். அது பூதப் படம் இல்லை ஐயா, ஒப்பாரி.

1956இல் அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் என்ன செய்தார்கள்? ரேமண்ட் பர் என்ற நடிகரை நிருபராக்கித் தனியாகப் படமெடுத்து உள்ளே ஒட்டினார்கள். டோக்கியோ எரிகிறது, அதை ஜன்னல் வழியாக ஓர் அமெரிக்கர் நமக்கு வர்ணிக்கிறார்! நாகசாகிப் பெண்ணை எடுத்துவிட்டார்கள். விஞ்ஞானியின் எச்சரிக்கை போய், ஆபத்து நீங்கியது, உலகம் இனி நிம்மதியாக வாழலாம் என்று முடித்தார்கள். குண்டு போட்டவரைப் பற்றிய படத்தில் குண்டைக் கழித்துவிட்டு பூதத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இந்தப் பதிப்புதான் பல நாடுகளுக்குப் போனது. ஹோண்டா எடுத்த மூலப்படம் அமெரிக்கத் தியேட்டர்களில் பரவலாக வெளியாக 2004 ஆயிற்று. இடையில் அரை நூற்றாண்டு. அந்த ஐம்பது வருடமும் காட்ஸில்லாவைக் குழந்தைகள் படம் என்று சிரித்தவர்களின் ரசனையைக் குறை சொல்வதா, கத்தரிக்கோல் வைத்திருந்தவரைக் குறை சொல்வதா?

எதிரணி கடைசியாக எடுத்த பிரம்மாஸ்திரம் 'பாரசைட்'. 'கொரியப் படம் 2020இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரையே வாங்கிவிட்டது, நல்ல படத்தை யாராலும் தடுக்க முடியாது' என்றார்கள். மகிழ்ச்சி. அந்த கொரியாவில் தியேட்டர்கள் வருடத்துக்கு 146 நாள் உள்நாட்டுப் படம் போட்டாக வேண்டும் என்று சட்டம் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்களே! 1988இல் அமெரிக்க நிறுவனங்கள் அங்கே நேரடியாகப் படம் வெளியிட வந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. தியேட்டருக்குள் பாம்பை விட்டவர்கள்கூட உண்டு. (பாம்பு பாவம், அதை நான் ஆதரிக்கவில்லை.) 2006இல் அமெரிக்காவோடு தடையற்ற வணிகப் பேச்சு தொடங்க வேண்டும் என்றால் இந்த நாள் கணக்கைக் குறை என்று நெருக்கினார்கள். 73 ஆனது. 'ஓல்ட்பாய்' நாயகன் சோய் மின் சிக் அரசு தந்த பதக்கத்தையே திருப்பிக் கொடுத்தார்.

குறைத்த பிறகும் கொரிய சினிமா ஜெயித்ததே என்பார்கள். 'பாரசைட்' இயக்குநர் பாங் ஜூன் ஹோவின் முதல் படம் 2000இல். அவரது 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' 2003இல். பார்க் சான் வூக்கின் 'ஓல்ட்பாய்' 2003இல். மூன்றும் 146 நாள் சட்டத்தின் நிழலில் வளர்ந்தவை. ரசனை என்பது அவ்வளவு தன்னாலே வெல்லும் சங்கதி என்றால், ஒரு சின்ன நாட்டின் 73 நாட்களைப் பிடுங்க வல்லரசின் வணிகப் பிரதிநிதிகள் ஏன் உட்கார்ந்து பேரம் பேச வேண்டும்?

கைபேசியில் இன்று எல்லாப் படமும் கிடைக்கிறது என்ற வாதத்துக்கு ஒரே வரியில் பதில்: கிடைக்கிறது, முதல் திரையில் எதைக் காட்டுவது என்பதை நீங்களா தீர்மானிக்கிறீர்கள்?

ஆஸ்கரையே உரைகல் என்று நம்புகிறவர்களுக்கு இரண்டு சங்கதி சொல்லி முடிக்கிறேன். 2019இல் நைஜீரியா முதன்முறையாக ஆஸ்கருக்கு ஒரு படம் அனுப்பியது, 'லயன்ஹார்ட்'. பிறநாட்டுப் படங்களுக்கான பிரிவிலிருந்து அதை நீக்கினார்கள். காரணம், வசனம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்ததாம். நைஜீரியாவின் ஆட்சிமொழியே ஆங்கிலம்தான்! அந்த மொழியை அங்கே கொண்டுபோய் வைத்தவர்கள் யார் என்று கேட்க அந்தக் குழுவில் ஆளில்லை.

இன்னொன்று 2007 விழா. ஹாங்காங்கில் 2002இல் வந்த 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' படத்தை அமெரிக்காவில் 'தி டிபார்ட்டட்' என்று மறுபடி எடுத்தார்கள். சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர். தழுவல் திரைக்கதைக்கான விருதை அறிவித்தபோது, மூலப்படம் ஒரு ஜப்பானியப் படம் என்று உலகமே கேட்க ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கதை வேண்டும், விருதும் வேண்டும், எந்த ஊர்க் கதை என்பது மட்டும் வேண்டாம்!

நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் பக்கம் சொல்லுங்கள். எதிரணிப் பக்கம்தான் சொல்வேன் என்றாலும் சரி, அதில் அந்த ஹாங்காங் படத்தைக் குறிப்பிட நேர்ந்தால் ஊர்ப் பெயரையாவது சரியாகச் சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.