குரங்குச் செல்லில் குழந்தையின் வைரஸ்

அவையோருக்கு வணக்கம்.

குழந்தைகளைச் சுருட்டிப்போடும் வயிற்றுப்போக்குக்கு ரோட்டா வைரஸ் பெரிய காரணம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் அதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார்கள். பார்த்தாயிற்று, வளர்க்கத்தான் முடியவில்லை. நோயுற்ற குழந்தையின் மலத்தில் கோடிக்கணக்கில் இருக்கும் வைரஸ், ஆய்வகச் செல்களில் விட்டால் பெருக மறுத்தது. வளர்க்காமல் தடுப்பு மருந்துக்கு எங்கே போவது?

1980இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் வயாட் குழுவினர் சுற்றுவழியில் போனார்கள். 'டபிள்யூஏ' என்ற மனித வைரஸைக் கிருமி படாமல் வளர்த்த பன்றிக்குட்டிகளில் 11 முறை மாற்றி மாற்றிச் செலுத்தி, அப்புறம் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகச் செல்களில் வளர்த்தார்கள். சாதனைதான். ஆனால் ஒவ்வொரு மாதிரிக்கும் பன்றிக்குட்டி வளர்க்க யாரால் முடியும்?

மறு வருடமே ஜப்பானில் பன்றிக்குட்டி இல்லாமலே காரியம் முடிந்தது. கைகொடுத்தது டிரிப்சின், நம் கணையம் சுரக்கும் நொதி. வைரஸின் மேல் முள்போல நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தை அது வெட்டினால்தான் வைரஸ் செல்லுக்குள் சரியாக நுழையும். குடலில் இது தானாக நடக்கிறது. ஆய்வகக் கண்ணாடிக் குழாயில் நாம்தான் ஊற்ற வேண்டும்.

சரி, ஊற்றிவிட வேண்டியதுதானே என்பீர்கள். சிக்கல் என்னவென்றால், கண்ணாடியில் ஒட்டிய செல்களைப் பெயர்த்தெடுக்க ஆய்வகத்தில் பயன்படுத்துவதும் இதே டிரிப்சின்தான். அளவு மிஞ்சினால் செல்கள் உரிந்து மிதக்கும். இன்னொரு பக்கம், செல்கள் வளர ஊற்றும் கன்றுச் சீரம், அதாவது கன்றின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர், டிரிப்சினை முடக்கிவிடும். அதனால் செல்கள் குழாயின் உட்சுவர் முழுக்கப் படர்ந்ததும் சீரம் துளியும் இல்லாமல் கழுவுகிறார்கள். பிறகு மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் போல டிரிப்சின் கலந்த திரவத்தில் வைரஸை விட்டு, 37 டிகிரியில் குழாயை மெல்ல உருளவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கழுவலில்தான் பாதி வெற்றி.

நம் நாட்டு ரோட்டாவேக் சொட்டு மருந்தின் வைரஸான 116ஈ, டெல்லியில் பச்சிளம் குழந்தைகளிடமிருந்து எடுத்தது. அது பெருகுவதும் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்களில்தான். அதன் பெரிய சோதனை நடந்த மூன்று இடங்களில் நம் வேலூரும் ஒன்று.

எல்லா வைரஸும் இப்படி மசிந்துவிடவில்லை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் இன்னொரு வைரஸ் நோரோ. 1972இல் கண்ணில் பட்ட அது குரங்குச் செல்லைச் சட்டையே செய்யவில்லை. 2016இல் ஹூஸ்டனில் மேரி எஸ்டெஸ் குழுவினர் மனிதக் குடலின் தண்டுச் செல்களிலிருந்து (பல வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்கள்) உருவாக்கிய குடல் திசுவில்தான் அது வளர்ந்தது. அதிலும் சில வகைகள், பித்தநீர் சேர்த்த பிறகுதான் பெருகின.