மயில்துத்தமும் ஒரு ஆணியும் போதும், அம்மிணி!

வணக்கமுங்க மக்களே. இன்றைக்குச் சமையலும் இல்லை, தோட்டச் சுற்றும் இல்லை. கோபமாக இருக்கிறேன். அக்கா மகள், அதான் கோழிக்குஞ்சு வீடியோவில் வந்தாளே, அவளுக்கு இப்போது பத்தாம் வகுப்பு. வேதிவினைகளின் வகைகள் பாடத்துக்கு டியூஷனில் ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்திருக்கிறார்கள். சமன்பாடுகளை வரிசையாக அடித்து, தலைப்பில் 'அப்படியே மனப்பாடம்' என்று போட்டிருக்கிறது. எந்த வினை எந்த வகை என்பதற்கு ஒரு பாட்டு வேறு. இந்தப் பாட்டு கட்டுகிற வேலையே எனக்குப் பிடிக்காது. பரீட்சையில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் பாட்டு உதவாதுங்க.

கோபியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு மனப்பாடம்? குருத்தழுகல் நோய்க்குப் போர்டோ கலவை என்கிற பூஞ்சை மருந்து கலக்குகிறோம். 1 கிலோ மயில்துத்தம் (அதான் காப்பர் சல்பேட்), 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். பாதிப் பாடம் அதிலேயே இருக்கிறது.

சரி, மயில்துத்தம் வாங்கக் கடைக்குப் போனேன். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் போதும். கால் கிலோ கேட்டால், "உடைச்சுத் தரமாட்டோம், ஒரு கிலோ பாக்கெட்தான்" என்கிறார்கள். பக்கத்துக் கடையிலும் அதே பதில். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத்தான் என்று சொல்லியும் நடக்கவில்லை. சில்லறையாகக் கேட்கிறவனுக்குச் சரக்கே இல்லையா? எனக்கு ஆறவே இல்லை. கடைசியில் ஒரு கிலோவே வாங்கி வந்தேன்.

நீலக் கரைசலில் இரும்பு ஆணியைத் தொங்கவிட்டோம். கொஞ்ச நேரத்தில் ஆணி மேல் செம்பு செந்நிறமாகப் படிந்தது. அப்படியே விட்டுவைத்தோம். நீலம் வெளுத்து, இளம்பச்சைக்கு வந்தது. இரும்பு உள்ளே போய்ச் செம்பை வெளியே தள்ளிவிட்டது. இதுதான் ஒற்றை இடப்பெயர்ச்சி. இரும்பு சல்பேட் கரைசலில் செம்புக் கம்பியைப் போட்டால் ஒன்றும் நடக்காது. செம்பைவிட இரும்புக்கு வினைபடும் திறன் அதிகம்.

ஆங், விட்டுப்போச்சு: ஆணியை முதலில் உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்க வேண்டும். துருவும் எண்ணெயும் இருந்தால் படியாது. மயில்துத்தம் விஷம். சமையல் பாத்திரம் வேண்டாம், கையை நன்றாகக் கழுவுங்க.

நீற்றின சுண்ணாம்பைக் கரைத்து, அதில் மயில்துத்தக் கரைசலை ஊற்றினால் வெளிர்நீல வீழ்படிவு. மயில்துத்தத்தின் காப்பரும் சுண்ணாம்பின் கால்சியமும் ஜோடி மாறிக்கொண்டன, இரட்டை இடப்பெயர்ச்சி. கல் சுண்ணாம்பு தண்ணீரில் கொதிக்கிறதே, அது சேர்க்கை வினை. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போகும், அது சிதைவு வினை. போர்டோ கலவை சரியா என்று கத்தியை முக்கிப் பார்ப்பார்கள், தெரியுமில்லையா? கத்தியில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு பத்தவில்லை என்று அர்த்தம். அதுவும் ஆணியில் நடந்த அதே வினைதான். நான் சொல்லாமலே அவள் இதைக் கண்டுபிடித்துச் சொன்னாள்! எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சமன் செய்வதில் இன்னும் இடறுகிறாள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் எச் டூ ஓ. ஒரு பக்கம் ஆக்சிஜன் இரண்டு, மறு பக்கம் ஒன்று. அதைச் சரிக்கட்ட எச் டூ ஓ டூ என்று எழுதிவிட்டாள். அது தண்ணீர் இல்லை சாமி, புண்ணில் ஊற்றினால் நுரைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு! வாய்ப்பாட்டின் உள்ளே இருக்கும் எண்ணில் கை வைக்கக் கூடாது, முன்னால்தான் எண் போட வேண்டும். இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறு, ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு, இரண்டு தண்ணீர். இப்போது எண்ணிப் பாருங்க: இரண்டு பக்கமும் ஹைட்ரஜன் அணு நாலு, ஆக்சிஜன் இரண்டு. அணு எங்கிருந்தும் புதிதாக வராது, எங்கேயும் காணாமல் போகாது. இதைப் புரியவைக்காமல் அந்தத் தாளை எதற்குக் கொடுக்கிறார்கள்?

அடுத்த வீடியோவில் அலுமினியத்தையும் காப்பர் சல்பேட்டையும் வைத்து அவளே சமன் செய்து காட்டுவாள். அதில் எண்கள் இரண்டு, மூன்று என்று வரும், நீங்களும் போட்டுப் பார்த்து கமெண்டில் எழுதுங்க. வரட்டுங்களா.